சோஃபியா பெரோவ்ஸ்கயா: வாழ்வும் அதன் மீதான பாலினக் கற்பிதங்களும்

அரசியல் வன்முறையில் ஈடுபட்ட பெண்களின் வரலாறு பெரும்பாலும் காதலின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆண் கொள்கையால் ஆயுதம் ஏந்துகிறான். பெண்ணோ ஓர் ஆணின் பொருட்டு ஏந்துகிறாள் என்பதே இத்தகு எழுத்துகளின் அடிப்படைக் கருத்து. ரஷ்யப் புரட்சியாளர் சோஃபியா பெரோவ்ஸ்கயாவின் (1853–1881) வாழ்வை அவ்வாறு படிக்க இயலுமா என்பதைக் காலவரிசை கொண்டு நோக்குவது தகும்.

அவர் உயர்குடியில் பிறந்தவர். தந்தை தலைநகரின் ஆளுநராகப் பதவி வகித்தவர். பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட அலார்ச்சின் வகுப்புகளில் பயின்ற சோஃபியா, தந்தையின் கட்டுப்பாட்டை மறுத்து 1870இல் வீட்டை விட்டு வெளியேறினார். பின்னர்ச் சைக்கோவ்ஸ்கி வட்டத்தில் இணைந்தார். 1874இல் கைதானார், 193 பேர் மீதான வழக்கில் விடுவிக்கப்பட்டார். எனினும் நாடுகடத்தும் ஆணை தொடர்ந்தது. வழியிலேயே காவலர்களிடமிருந்து தப்பினார். அந்திரேய் ஷெல்யாபவுடனான உறவு இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது. ஆகவே, காதலே அவரை இயக்கத்திற்குள் கொணர்ந்தது என்னும் கூற்று காலவரிசையிலேயே தவறாகிறது.

கற்பிதத்தை அவரே கருவியாகக் கையாண்டதும் உண்டு. 1879இல் மாஸ்கோ இருப்புப்பாதையருகே ஒரு வீட்டில், தோழர் ஹார்ட்மனின் மனைவியாக நடித்து வாழ்ந்தார். வீட்டினடியில் சுரங்கம் தோண்டப்பட்டது. அண்டையில் தீப்பற்றியபோது உதவ வந்தோர் உள்ளே நுழையாவண்ணம், திருவுருவப் படத்தை ஏந்தி வாயிலில் நின்று, எல்லாம் இறைவன் விருப்பம் என வேண்டித் தடுத்தார் என ஸ்தெப்னியாக் எழுதுகிறார். பக்தியுள்ள இல்லத்தரசியை எவரும் ஐயுறவில்லை. (இச்செய்தி நண்பர் ஒருவரின் புகழுரையில் இடம்பெறுவது என்பதையும் கருத வேண்டும்.) அம்முயற்சியில் வேறொரு தொடர்வண்டியே தடம்புரண்டது.

1881 மார்ச் 1ஆம் நாள் (பழைய நாட்காட்டி) ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். இரு நாட்களுக்கு முன்பே ஷெல்யாபவ் கைதாகியிருந்ததால், களத்தில் தலைமையேற்றவர் சோஃபியா. மன்னரின் வழி மாறியதைக் கண்டு, குண்டேந்தியோரின் இடங்களை மாற்றி, கைக்குட்டையால் சைகை காட்டினார். காதலன் சிறையிலிருந்த வேளையில் திட்டத்தைத் திருத்தி நடத்தியவரைப் பின்தொடர்ந்தவர் என அழைப்பது பொருந்துமா?

சிறையிலிருந்து தாய்க்கு எழுதிய மடலில், நீதிமன்றத்திற்கு அணியக் கழுத்துப்பட்டியும் கைப்பட்டிகளும் வேண்டினார். இதனைப் பெண்மையின் மென்மைக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். வழக்கு மன்றத்தில் ஒழுங்குற நிற்க விழைந்த அரசியல் கைதியின் வேண்டுகோளாகவும் அதனைக் கொள்ளலாம். இவ்வாசிப்பே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

ஏப்ரல் 3ஆம் நாள் நான்கு ஆண்களுடன் அவர் தூக்கிலிடப்பட்டார். ரஷ்யாவில் அரசியல் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்ட முதற்பெண் அவரே. உடன் தண்டனை பெற்ற கேசியா ஹெல்ஃப்மன் கருவுற்றிருந்தமையால் அவரது தூக்கு ஒத்திவைக்கப்பட்டு, பின்னர்க் கடுங்காவலாக மாற்றப்பட்டது. சிறையில் பிறந்த குழந்தை அவரிடமிருந்து பிரிக்கப்பட்டது. 1882இல் அவர் இறந்தார்.