கள்ளிக்குத் தாயான புதர்



உச்சி வெயிலில் நடந்து வரும்போது மர நிழலைக் கண்டால் ஓடிப்போய் ஒதுங்குவீர்கள் அல்லவா? ஓட முடியாத சின்னஞ்சிறு செடிகள் பாலைவன வெயிலில் எப்படிப் பிழைக்கின்றன? இதைத் தேடிப் பார்த்த ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் ஃபாரஸ்ட் ஷ்ரீவ். 1878-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்று, கல்லூரியில் பாடம் நடத்தினார். 1908-ல் அரிசோனா பாலைவனத்திலுள்ள டூசான் நகருக்குப் புறப்பட்டார். அங்கே டூமமோக் என்ற குன்றின் மேல் பாலைவன ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அவர் மனைவி எடித்தும் விஞ்ஞானிதான். பாலைவனச் செடிகள் தண்ணீரை எப்படிச் சிக்கனமாகச் செலவிடுகின்றன என்று ஆராய்ந்தார்.

அந்தக் குன்றைச் சுற்றிலும் சகுவாரோ என்னும் ராட்சதக் கள்ளிகள் நின்றன. இவை 12 மீட்டருக்கு மேலும் வளரும். 150 ஆண்டுகள் வரை வாழும். இவ்வளவு பெரிய கள்ளி, முதல் சில ஆண்டுகளில் நம் விரல் உயரம்கூட வளராது!

குட்டிக் கள்ளிகள் எங்கே என்று ஷ்ரீவ் தேடினார். வெட்டவெளியில் அவற்றைக் காண்பதே அரிது. பாலோ வெர்தே போன்ற புதர் மரங்களின் அடியில்தான் அவை ஒளிந்திருந்தன. வெயிலிலும் நிழலிலும் மண்ணின் வெப்பத்தை அளந்து பார்த்து, 1931-ல் கட்டுரை எழுதினார். புதரின் நிழல் கோடையில் குடையாகிறது. குளிர்கால இரவில் போர்வையாகிறது.

பின்னால் வந்த விஞ்ஞானிகள் மண்ணுக்குள்ளும் பார்த்தார்கள். புதரடியில் உதிரும் இலைகளைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்கச் செய்து உரமாக்குகின்றன. அதனால் வெட்டவெளி மண்ணைவிடப் புதரடி மண்ணில் சத்து அதிகம். ஒவ்வொரு புதரும் பாலைவனக் கடலில் ஒரு வளத் தீவு! புதரை வெட்டினால் ஒரு செடி மட்டுமா போகிறது? அதன் மடியில் வளரும் குஞ்சுச் செடிகளும், மண்ணின் உயிர்களும் சேர்ந்தே போகின்றன.

சோனோரா பாலைவனத்தின் தாவரங்களைப் பற்றி ஷ்ரீவ் பல ஆண்டுகள் உழைத்து ஒரு பெரிய நூல் எழுதினார். அது 1951-ல் வெளிவந்தது. ஆனால் 1950-லேயே அவர் காலமாகிவிட்டார். தம் நூலை அவர் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை.

வருந்தாதீர்கள், செல்வங்களே! அவர் குனிந்து பார்த்த குட்டிக் கள்ளிகளில் பிழைத்தவை இன்று நூறு வயதைக் கடந்திருக்கும். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் முடியாத வேலையையும் ஒருவர் தொடங்கி வைக்கத்தான் வேண்டும்.

அடுத்த முறை தரிசு நிலத்தில் ஒரு முட்புதரைப் பார்த்தால், வெறும் முள்தானே என்று போய்விடாதீர்கள். சற்றுக் குனிந்து, அதன் நிழலில் யார் யார் வளர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!