கூலி கேளாத கை

விபுலானந்த அடிகள் பிறந்த கிழக்குக் காரைதீவு அன்று. புத்தளத்துக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த கரைத்தீவே யான் சொல்ல வந்த ஊர். அங்கே, என் சிறு பருவத்தில் ஓரிரவு, தங்கை கடுங்காய்ச்சலால் நினைவிழந்து கிடந்தாள். மந்திரிப்பவர் ஒருவரை அழைத்து வந்தனர். அவர் வாசற்படியில் நின்றபடியே தொகையைச் சொன்னார். எங்கள் தாயார் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த பின்னரே உள்ளே வந்தார். காய்ச்சல் தணிந்தது இரண்டு நாள் கழித்து, அரசினர் மருத்துவமனை மருந்தினால். தோடு திரும்பி வரவில்லை.

தெய்வத்தின் பெயரால் நோய் தீர்ப்போர் கூலி பெறலாமா என்னும் வினா அன்று என் உள்ளத்தில் விழுந்தது. அதற்கு விடை தேடுந்தோறும், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் புத்தளத்தில் வாழ்ந்து பணிசெய்த யோசேவாஸ் அடிகளாரே என் நினைவில் எழுகின்றார்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் இலங்கையின் கரைநாடுகளை ஆண்ட ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமார் இங்கே காலடி வைப்பதையும் தடுத்திருந்தனர். ஆகவே 1687ஆம் ஆண்டில் அவர் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்த உடனே வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது. பிறரை ஆற்றுமுன் தாமே நோயாளியாய்க் கிடந்தவர் அவர். பின்னர் ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, கண்டியரசுக்கு உட்பட்டிருந்த புத்தளத்துக்கு வந்து, இங்குள்ள மக்களிடையே சில காலம் பணிசெய்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தால் சிறைப்பட்டார்.

காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஐயம் நீங்கிற்று. மழையின்றி நாடு வாடியபோது அடிகளாரின் வேண்டுதலால் மழை பெய்தது என்பது அவர்தம் அடியார்கள் போற்றும் மரபு. அதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. என்னை ஈர்ப்பது அதன் பின் நடந்ததே.

1697ஆம் ஆண்டில் கண்டி மாநகரை வைசூரி தாக்கியது. தொற்றுக்கு அஞ்சி, பெற்றோரும் மக்களும் ஒருவரையொருவர் கைவிட்டனர். நோயுற்றோர் காட்டில் கொண்டுபோய் விடப்பட்டனர். மன்னனும் நகரை நீங்கினான். அடிகளாரோ தம் உறவினரான யோசேப் கர்வாலோ அடிகளையும் உடன்கொண்டு, விடப்பட்டவர்களைத் தேடிச் சென்றார். புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரைப் புதைத்தார். பௌத்தர், கிறித்தவர் என்று பிரித்துப் பார்த்திலர்.

அவர் கூலி கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பர்? காட்டில் கிடந்தவனுக்குக் கழற்றிக் கொடுக்கத் தோடும் இல்லை. அவனுக்காகக் கழற்றிக் கொடுக்கத் தாயும் அருகில் இல்லை. கூலியை முன்வைக்கும் பணி, அதனைத் தர வல்லோரோடு நின்றுவிடும். மிகுந்த துன்பமுடையோரே முதலில் விடுபடுவர். இதுவே அவர் வாழ்விலிருந்து யான் கற்றது.

நோய் தீர்ப்போரும் உண்ண வேண்டுமல்லவா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. அடிகளாரும் காற்றை உண்டு வாழ்ந்தவரல்லர். மக்கள் மனமுவந்து இட்டதை உண்டார். கோவாவிலிருந்த ஓரற்றோரியன் சபையும் அவருக்குத் துணை நின்றது. ஊர் கூடி ஒருவரைத் தாங்குவது வேறு. உயிருக்கு அஞ்சி நடுங்குபவனிடம் அந்த நேரத்தில் விலை பேசுவது வேறு. முன்னதில் நன்றி உண்டு. பின்னதில் விற்கப்படுவது நோயாளியின் அச்சமே.

பின்னாளில் ஆயர் பதவி தம்மை நாடி வந்தபோதும் அடிகளார் அதனை ஏற்றிலர். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே மறைந்தார். 2015ஆம் ஆண்டு கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதர் என அறிவித்தார்.

ஓதிப் பார்ப்போரும் நூல் கட்டுவோரும் செபிப்போரும் எல்லாச் சமயங்களிலும் இன்றும் உளர். அவர்களுள் கை நீட்டாத நல்லோரையும் யான் கண்டிருக்கிறேன். ஆயினும் எவரேனும் வாசற்படியில் நின்று தொகை சொல்லக் கேட்டால், தாயாரின் வெறுங்காது என் கண்முன் வந்து நிற்கிறது.