ஒரு மனிதர், மூன்று நம்பர்!

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்க வந்தவர் முதலில் எதைப் பார்க்கிறார்? பளபளக்கும் பெயிண்டையா? புது டயரையா? விவரம் தெரிந்தவர் இவற்றைப் பார்த்து மயங்க மாட்டார். கீழே குனிவார். எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைப்பார். என்ஜினில் வெட்டியிருக்கும் நம்பரைப் படிப்பார். பிறகு சேசிஸ் நம்பரைப் படிப்பார். இரண்டையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார்.

ஒத்து வந்தால் கவலை இல்லை. ஒத்து வராவிட்டால் சந்தேகம் பிறந்துவிடும். திருட்டு வண்டியோ? இரண்டு வண்டிகளைப் பிரித்து ஒன்றாகக் கோத்ததோ?

வண்டிக்கு நடக்கும் இந்தச் சோதனை ஒரு மனிதருக்கும் நடந்தது. அவர் சாதாரண மனிதரும் அல்ல. உலகமே அரேபியாவின் லாரன்ஸ் என்று கொண்டாடிய வீரர்!

பிறப்பிலேயே புதிர்

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் 1888-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி வேல்ஸ் நாட்டில் டிரெமடாக் என்ற ஊரில் பிறந்தார். ஆனால் லாரன்ஸ் என்பது அவருடைய தந்தையின் உண்மைப் பெயர் அல்ல. தந்தை அயர்லாந்தில் பெரிய நிலச்சுவான்தார். குடும்பப் பெயர் சாப்மன். மனைவியையும் நான்கு பெண்களையும் விட்டுவிட்டு, வீட்டில் வேலை பார்த்த ஆசிரியையோடு வெளியேறியவர். ஊர் வாய்க்கு அஞ்சி இருவரும் லாரன்ஸ் என்று பெயர் வைத்துக் கொண்டார்கள். அவர்களுக்குப் பிறந்த ஐந்து ஆண் மக்களில் இரண்டாமவர்தான் நம் கதாநாயகர்.

ஆக, முதல் பெயரே ஒட்டுப் போட்ட பெயர்!

பையன் படிப்பில் புலி. ஆக்ஸ்போர்டில் சரித்திரம் படித்து 1910-ல் முதல் வகுப்பில் தேறினார். சிரியா நாட்டுப் பழைய கோட்டைகளைக் காலால் நடந்தே சுற்றிப் பார்த்தார். அரபு மொழி கற்றார்.

பாலைவனத்தில்

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. துருக்கியரை எதிர்த்து அரபு மக்கள் 1916-ல் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுக்குத் துணையாகப் பிரிட்டிஷார் லாரன்ஸை அனுப்பினார்கள். அவர் அரபு உடை அணிந்தார். ஒட்டகத்தில் ஏறினார். ரயில் பாதைகளை வெடி வைத்துத் தகர்த்தார். 1917 ஜூலையில் அகாபா துறைமுகம் வீழ்ந்தது. 1918 அக்டோபரில் டமாஸ்கஸ் வீழ்ந்தது.

வெற்றி வந்தது. மனத்தில் நிம்மதி வரவில்லை. ஏன்? அரபு மக்களுக்குச் சுதந்திரம் தருவதாகப் பிரிட்டன் வாக்குக் கொடுத்திருந்தது. அதே பிரிட்டன் 1916-ல் பிரான்ஸோடு ரகசிய ஒப்பந்தம் செய்து, அந்த நாடுகளைப் பங்கு போட்டுக் கொண்டது. சொல் ஒன்று, பத்திரம் வேறொன்று. தம்மை நம்பி உயிரைக் கொடுத்தவர்களை நினைத்து லாரன்ஸ் வெட்கினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் விருது கொடுக்க அழைத்தபோது, அதை நேருக்கு நேர் மறுத்துவிட்டார்.

பொய் பிடிபட்டது

1922 ஆகஸ்டு. லண்டனில் விமானப் படைக்கு ஆள் எடுக்கும் அலுவலகம். மெலிந்த, குள்ளமான ஒருவர் வந்து நின்றார். பெயர் ஜான் ஹியூம் ராஸ் என்றார். அங்கிருந்த அதிகாரி ஜான்ஸுக்குச் சந்தேகம் தட்டியது. பிற்காலத்தில் சிறுவர் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர் இவர். பிறப்புப் பதிவுகளைத் தேடச் சொன்னார். அப்படி ஒரு ராஸ் பிறந்ததாகப் பதிவே இல்லை! வந்தவரைத் திருப்பி அனுப்பினார். ஆனால் அவர் மேலிடத்து உத்தரவோடு திரும்பி வந்தார். கர்னலாக இருந்த லாரன்ஸ், கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த நம்பர் 352087.

நான்கு மாதம் கூட ரகசியம் நிற்கவில்லை. டிசம்பரில் பத்திரிகைகள் உடைத்துவிட்டன. 1923 ஜனவரியில் வெளியேற்றப்பட்டார். விட்டாரா? ஷா என்று பெயர் மாற்றி டாங்கிப் படையில் சேர்ந்தார். நம்பர் 7875698. 1925-ல் மீண்டும் விமானப் படை. நம்பர் 338171. 1927-ல் ஷா என்ற பெயரைச் சட்டப்படி பதிந்து கொண்டார். அந்த ஆண்டு கராச்சி விமானப் படை நிலையத்தில் ஊழியம் பார்த்தவரும் இதே ஷாதான்.

ஆசை வண்டி

இவருக்குக் குடி இல்லை, புகை இல்லை. இருந்த ஒரே ஆசை மோட்டார் சைக்கிள். அதுவும் எந்த வண்டி? நாட்டிங்காம் நகரில் ஜார்ஜ் பிரஃப் செய்த பிரஃப் சுப்பீரியர். அந்தக் கம்பெனி 1940 வரை செய்தது சுமார் 3,000 வண்டிகள்தான். அவற்றில் எஸ்.எஸ். 100 என்ற ரகம் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஓடும் என்று உறுதி கொடுத்து விற்றார்கள். லாரன்ஸ் 1922 முதல் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வண்டிகள் வைத்திருந்தார்.

இன்று இந்த வண்டிகளின் விலை லட்சக்கணக்கில். ஆகவே மோசடிக்கும் இடம் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் ஒரு விசேஷம். பிரஃப் வண்டியில் என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒன்றாக இருக்காது. ஏனென்றால் என்ஜின் ஒரு தொழிற்சாலையில் பிறந்தது. கியர்பெட்டி வேறொன்றில் பிறந்தது. பல வண்டிகளுக்கு லண்டன் ஜே.ஏ.பி. கம்பெனி என்ஜின். அந்த நம்பரோடு ஆண்டைக் காட்டும் எழுத்து ஒன்றும் இருக்கும். 1925-க்கு ஏ, 1926-க்கு டி. 1925 வண்டி என்று சொல்லி விற்பவரின் என்ஜினில் டி இருந்தால், அது பின்னால் வந்த என்ஜின்!

அதனால் மட்டும் மோசடி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பழுதான என்ஜினை நாணயமாக மாற்றியிருக்கலாம். அப்போது சாட்சி சொல்வது பட்டறைப் பதிவு அட்டை. எந்தச் சேசிஸில் எந்த என்ஜின், எந்தக் கியர்பெட்டி பூட்டினார்கள் என்று பிரஃப் பட்டறை அட்டையில் எழுதி வைத்தது. அந்த அட்டைகள் பல இன்னும் இருக்கின்றன. நம்பர்கள் வேறு வேறாக இருப்பது குற்றம் அல்ல. பதிவு அட்டை அவற்றைச் சேர்த்து வைத்தால் போதும். அது அசல் வண்டி.

கடைசிப் பயணம்

1931-ல் பிளிமத் அருகே கடலில் ஒரு விமானம் விழுந்ததை லாரன்ஸ் நேரில் கண்டார். மீட்கப் போகும் படகுகள் மெதுவாகப் போனால் உயிர் தங்காது என்று உணர்ந்தார். வேகப் படகுகளை உருவாக்கும் வேலையில் கை அழுக்காக உழைத்தார். புகழ் வேண்டாதவர், வேலை வேண்டும் என்றார்.

1935 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். மே 13-ந் தேதி பாவிங்டன் முகாமுக்குப் போய், நண்பருக்குத் தந்தி கொடுத்துவிட்டு, ஜி.டபிள்யூ. 2275 என்ற தமது ஏழாவது பிரஃப் வண்டியில் வீடு திரும்பினார். மேடு பள்ளமான சாலை. எதிர்பாராமல் சைக்கிளில் இரண்டு பையன்கள் கண்ணில் பட்டார்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. ஆறு நாள் நினைவே திரும்பவில்லை. மே 19-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 46.

பையன்கள் பிழைத்தார்கள். இன்னும் பல்லாயிரம் பேரும் பிழைத்தார்கள். எப்படி? அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவர் மூளை மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ். அந்தச் சாவு அவர் மனத்தை உறுத்தியது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்கு ஏற்படும் காயங்களை ஆராய்ந்தார். தலைக்கவசம் உயிர் காக்கும் என்று 1941-ல் எழுதிக் காட்டினார். 1973-ல் பிரிட்டனில் தலைக்கவசம் சட்டமாயிற்று.

மார்ட்டன் கிராமத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இறக்கும்போது அவர் சட்டப்படி ஷா. கல்லில் வெட்டியிருப்பதோ லாரன்ஸ். அங்கேயும் பொருந்தவில்லை!

ஆனால் பதிவு அட்டையைப் பாருங்கள். வாக்குப் பொய்த்ததற்கு வெட்கியவர், விருதை மறுத்தவர், கடலில் விழுந்தவரைக் காக்கப் படகு செய்தவர், இரண்டு சிறுவர்களுக்காக வண்டியைத் திருப்பியவர். பெயர் லாரன்ஸோ, ராஸோ, ஷாவோ, எல்லாம் ஒரே மனிதர்தான். அசல்தான்.