அறிவை வகுத்த அயலூரார்

மெய்யியல் என்றதும் அது துறவியர்க்கே உரியது என்று நம்மிற் பலர் ஒதுங்கிவிடுகிறோம். எது உண்மை, அதை எவ்வாறு அறிவது, எது நன்று என்று காரணங்கேட்டுத் தெளியும் முயற்சியே மெய்யியல். தத்துவம் என நாம் வழங்குவதும் இதுவே. பரந்த இத்துறையை வகைப்படுத்திப் பின்வந்தோர்க்கு வழியமைத்த பெருமக்களுள் ஒருவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம் அவர் வரலாற்றை அறிய மற்றொரு காரணமும் உண்டு. அவரும் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை அயலூரிலேயே கழித்தவர்.

கி.மு. 384-ஆம் ஆண்டில், கிரேக்கத்தின் வடபாலுள்ள ஸ்டாகிரா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் நிக்கோமாக்கஸ் மாசிடோனிய மன்னரின் மருத்துவர். 17-ஆம் வயதில் அரிஸ்டாட்டில் ஏதென்ஸ் நகர் சென்று பிளேட்டோவின் மாணாக்கரானார். அப்பள்ளியில் 20 ஆண்டுகள் கற்றார், கற்பித்தார். பிளேட்டோ மறைந்தபின் பள்ளியின் தலைமை அவருடைய உடன்பிறந்தாள் மகனைச் சேர்ந்தது. அக்காலத்தையொட்டி ஏதென்சை நீங்கிய அரிஸ்டாட்டில், லெஸ்போஸ் தீவில் தங்கிக் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்தார். கி.மு. 343-ஆம் ஆண்டளவில் மன்னர் பிலிப்பு அழைக்க, 13 வயது இளவரசர் அலெக்சாந்தருக்கு ஆசிரியரானார்.

கி.மு. 335-இல் மீண்டும் ஏதென்ஸ் வந்து தம் பள்ளியைத் தொடங்கினார். அந்நகரில் குடியேறிய அயலூரார்க்கு வாக்குரிமை இல்லை. தனி வரி உண்டு. நிலமோ வீடோ சொந்தமாக்கிக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே லைசியம் என்னும் பொதுச் சோலையிலேயே அவர் பள்ளி நடந்தது. உலாவிக்கொண்டே பாடம் சொன்னார் என்பர்.

அறிவை அவர் மூன்றாகப் பகுத்தார். அறிதலையே பயனாகக் கொண்டவை முதல் வகை: இயற்கையாராய்ச்சி, கணிதம், இருப்பின் அடிப்படையை ஆராயும் முதல் மெய்யியல். செயலுக்கு வழிகாட்டுபவை இரண்டாம் வகை: அறவியலும் அரசியலும். ஆக்குதற்குரிய கலைகள் மூன்றாம் வகை. கவிதை இதில் அடங்கும். சரியாக முடிவு காணும் முறையைக் கூறும் அவருடைய அளவை நூல்களைப் பின்வந்தோர் தொகுத்து, எல்லாத் துறைக்கும் கருவி என்றே பெயரிட்டனர்.

காலப்போக்கில் இயற்பியலும் உயிரியலும் உளவியலும், வளர்ந்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் போவதுபோல், தனித்துறைகளாயின. இன்று மெய்யியலில் இருப்பாராய்ச்சி, அறிவாராய்ச்சி, அறவியல், அளவையியல், அழகியல் ஆகியவை முதன்மைப் பிரிவுகள். இவை நம் வீட்டுக்குத் தொலைவானவை அல்ல. கடைக்காரர் 10 ரூபாய் கூடுதலாகச் சில்லறை தந்துவிட்டதாக ஐயுறுகிறோம். உண்மையிலேயே கூடுதலா என்று எப்படி உறுதிசெய்வது என்பது அறிவாராய்ச்சி. கணக்கிட்டு முடிவுக்கு வரும் நெறி அளவையியல். திருப்பித் தரவேண்டுமா, ஏன் என்பது அறவியல்.

அரிஸ்டாட்டிலிடம் குறையும் உண்டு. சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று எழுதியது அவர் புகழுக்கு மாசே. காரணங்கேட்கக் கற்பித்தவரிடமும் நாம் காரணங்கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்ததும் மாசிடோனியர்மீது ஏதென்சில் வெறுப்பு மூண்டது. அரிஸ்டாட்டில்மீது தெய்வநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. முன்பு சாக்ரடீசுக்கு நஞ்சளித்த நகரம் அது. அவர் கால்கிஸ் சென்று, மறு ஆண்டே 62-ஆம் வயதில் மறைந்தார். முன்னரே இறந்த மனைவி பிதியாஸின் எலும்புகளைத் தம் அருகில் வைக்குமாறு இறுதி விருப்பம் எழுதியிருந்தார்.

அவருக்குப்பின் பள்ளியை ஏற்ற தியோப்ராஸ்டஸும் அயலூராரே. அவர் காலத்திலேதான் பள்ளிக்கென்று ஒரு தோட்டம் கிடைத்தது. ஒருபிடி மண்ணும் சொந்தமில்லாத ஊரில் அரிஸ்டாட்டில் வைத்துப்போன சொத்து, அவர் பயிற்றிய மாணாக்கரும் எழுதிய நூல்களும் தாம். அவரைக் குற்றஞ்சாட்டிய நகரத்தின் அரசியலமைப்பை விளக்கும் நூலும் அவர் பள்ளியிலேயே எழுந்தது. நெடுங்காலம் மறைந்திருந்த அது, எகிப்தில் கிடைத்த ஏட்டிலிருந்து 1891-இல் அச்சேறியது. வந்த ஊரில் நம் மக்களுக்கு நாம் என்ன வைத்துப்போகிறோம் என்று எண்ணுங்கால், காரணங்கேட்டுத் தெளியும் பழக்கத்தையும் அச்சொத்தில் ஒன்றாகச் சேர்ப்போமாக.