சிப்பி ஓட்டில் ஒரு வெப்பமானி

தூத்துக்குடிக் கடலடியிலுள்ள முத்துப் பார்களில் சிப்பிகள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தம் ஓடுகளை அடுக்கடுக்காகக் கட்டுகின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் அது உருவான பருவத்தின் நீர் வெப்பநிலை பதிந்துவிடுகிறது. இத்தகைய பதிவைப் படிக்கும் வழியைக் கண்டவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் ஹரால்டு யூரி (1893–1981).

இந்தியானா மாநிலத்தில் பிறந்த யூரி இளமையிலேயே தந்தையை இழந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்த பின்னரே பல்கலைக்கழகம் சென்றார்; அங்கும் முதலில் பயின்றது விலங்கியலே. 1931இல் கன ஹைட்ரஜனைக் கண்டறிந்தார். 1934இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது, ஐசோடோப்புகளைப் பிரிக்கும் அவரது புலமை அணுகுண்டுத் திட்டத்திற்குப் பயன்பட்டது. அதன் விளைவு அவரை வருத்தியது. போர் முடிந்ததும் அணு ஆயுதப் போட்டியை வெளிப்படையாக எதிர்த்தார்; சிகாகோ பல்கலைக்கழகத்தில் அதே புலமையைக் கடலுயிர்களின் ஓடுகள்பால் திருப்பினார்.

நீர் குளிரக் குளிர, ஓட்டில் கனமான ஆக்சிஜன்-18 சற்றே மிகும். ஒரு பாகைக்குப் பத்தாயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்குதான் மாற்றம்! அதையும் அளக்கவல்ல நிறை நிறமாலைமானியை அவர் குழுவினர் உருவாக்கினர். கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்னும் தொல்லுயிரின் புதைபடிவம் ஒன்று ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்திருந்தது. ஜுராசிக் காலத்தைச் சேர்ந்த அதனை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்து, 1951இல் முடிவை வெளியிட்டனர். அவ்வுயிர் கண்ட கோடைகளும் குளிர்காலங்களும் வரிசையாகப் புலப்பட்டன. ஏறத்தாழ நான்கு வயதில், ஓர் இளவேனிற்காலத்தில் அது இறந்திருந்தது.