தாமஸ் வில்லிஸ்: ஆடும் காலும் மூளை வட்டமும்

ராத்திரி படுத்ததும் காலுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி இருக்கும். எழுந்து நடந்தாதான் நிம்மதி. சில பேருக்கு இது தினசரி அவஸ்தை. இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் தாமஸ் வில்லிஸ். மூளைக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய் வளையத்துக்கும் அவர் பெயர்தான்: சர்க்கிள் ஆஃப் வில்லிஸ். பயோமெடிக்கல் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

1621-ல் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது உள்நாட்டுப் போர் வந்தது. மன்னர் பக்கம் நின்றார். மருத்துவம் படித்தது ரொம்ப கொஞ்ச நாள்தான். 1650-ல் தூக்கிலிடப்பட்ட ஆன் கிரீன் என்ற பெண்ணை அறுத்துப் படிக்கக் கொண்டு வந்தார்கள். பார்த்தால் மூச்சு இருக்கு! வில்லிஸும் வில்லியம் பெட்டியும் அவரைப் பிழைக்க வைத்தார்கள். சினிமாவில் வந்தால் லாஜிக் இல்லைன்னு சொல்லியிருப்போம்.

1664-ல் மூளையின் அமைப்பு பற்றிய அவருடைய நூல் வந்தது. அறுவை வேலையில் உதவியவர் ரிச்சர்ட் லோயர். படம் வரைந்தது கிறிஸ்டோபர் ரென், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தை வடிவமைத்த அதே ரென். அந்த வளையத்தை முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். அது எதுக்குன்னு சொன்னதுதான் வில்லிஸின் சாதனை. இறந்த ஒருவரின் உடலில் கழுத்து ரத்தக்குழாய் ஒரு பக்கம் அடைத்துக் கிடந்தது. ஆனால் அந்த ஆளுக்குப் பக்கவாதம் வந்ததே இல்லை. ரத்தம் வேறு வழியாகச் சுற்றி வந்திருக்கிறது. நம்ம பாஷையில் ரிங் டோபாலஜி: ஒரு லிங்க் போனாலும் நெட்வொர்க் நிற்காது.

பிறகு லண்டன் போனார், பெரிய டாக்டர் ஆனார். 1672-ல் வந்த இன்னொரு நூலில்தான் அந்தக் கால் விஷயம். படுக்கையில் கை கால்கள் துள்ளித் துள்ளி, தூக்கமே இல்லாமல் தவித்தவர்களைப் பற்றி எழுதினார். ரத்தத்தை வெளியே எடுப்பது அந்தக் காலத்தில் சகஜமான வைத்தியம். இரும்புச்சத்து குறைந்தால் இந்தக் கோளாறு கூடும் என்று இப்போது தெரியும். பாவம் நோயாளிகள்.

1675-ல் நிமோனியாவில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். கால் நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டியது ஸ்வீடனின் எக்போம், 1945-ல்.

வில்லிஸ் தனித்தனியாக எழுதிய இரண்டையும் இன்றைய டாக்டர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தூக்கத்திலும் கால் வெட்டி வெட்டி இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சட்டென்று ஏறி இறங்கும். ராத்திரி முழுக்க இப்படி நடந்தால் மூளையின் சின்னக் குழாய்கள் தாங்குமா? பக்கவாதத்தோடு தொடர்பு இருக்குன்னு சில ஆய்வுகள், இல்லைன்னு சில. இது போதாதென்று, மூளையின் சில பகுதிகளில் பக்கவாதம் வந்த பிறகு புதிதாகக் கால் ஆட ஆரம்பித்தவர்களும் உண்டு. இன்புட் எது, அவுட்புட் எதுன்னு இன்னும் முடிவாகவில்லை.