டி. ஜே. விமலசுரேந்திர (1874 - 1953)

வன்னியில் மின்சாரம் தரக்கூடிய நீர்வீழ்ச்சி எதுவும் இல்லை. ஆயினும் தெற்கிலிருந்து கம்பி வழியே வரும் மின்சாரத்தை லக்சபான மின்சாரம் என்றே நம் முதியவர்கள் அழைப்பர். அந்த லக்சபானவின் ஆற்றலை உலகறியக் கணக்கிட்டுக் காட்டியவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் ஆவார்.

1874 செப்டெம்பர் 17 இல் காலியில் பிறந்த இவர், கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் கற்று, பின்னர் பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். உயர் பொறியியற் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே உரியனவாக இருந்த காலம் அது. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு மின்சாரம் கிடைக்கச் செய்தார்.

1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் தமது புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்தார். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் மலையிலிருந்து விழும் இடங்களில் நாட்டுக்கே போதிய மின்சாரத்தைப் பெறலாம் என்பது அதன் சாரம். ஆனால் மின்சாரம் பிறப்பது மலையில், தேவைப்படுவது கொழும்பில். மாணவர்கள் இங்கே விஞ்ஞான பாடத்தை நினைவுகூர வேண்டும். கம்பியில் வெப்பமாக இழக்கப்படும் வலு, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமனாகும். ஒரே வலுவை 33 கிலோவோல்ற்றுக்குப் பதிலாக 132 கிலோவோல்ற்றில் அனுப்பினால் மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகும். அதே கம்பியில் இழப்பு பதினாறில் ஒரு பங்காகும்.

1920களில் தொடங்கப்பட்ட வேலைகள் பணமில்லை என்று இடையில் நிறுத்தப்பட்டன. வேறொருவராயின் ஓய்வூதியத்துடன் ஒதுங்கியிருப்பார். இவரோ 1931 இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகித் தமது திட்டத்துக்காக அங்கும் வாதாடினார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இலேயே. கட்டுரை வெளிவந்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1953 ஓகஸ்ட் 10 இல் அவர் காலமானார். 1965 இல் நோர்ட்டன் பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாற்று நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் முதலில் இந்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றி, பின்னர் நோர்ட்டன் குளத்தில் சேர்ந்து, பழைய லக்சபானவிலும் மின்சாரம் தருகிறது.

பரீட்சைக்கு ஆண்டுகளை மட்டும் மனனம் செய்வோர் தவறவிடும் விடயம் ஒன்றுண்டு. கூரைகளில் சூரியப் படல்கள் பெருகிய பின்னர் இந்த நீர்த்தேக்கங்களின் மதிப்பு கூடியுள்ளது. வெயில் உச்சத்தில் மின்சாரம் மிகுகிறது. இரவு ஏழு மணிக்குத் தேவை உச்சமடையும்போது சூரியன் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. அன்று தேவை குறைந்தும் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியும் இருந்தமை தொகுதியைத் தளரச் செய்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைப் படல்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது.

இரணைமடுவில் மாரிநீரைத் தேக்கிச் சிறுபோகத்துக்குத் துருசைத் திறப்பது போலவே இதுவும். பகலில் சூரியன் தரும்போது மலைநாட்டு நீரை மறித்து வைத்து மாலையில் திறந்தால் இரண்டும் வீணாகா. இருப்பினும் நீர்த்தேக்கம் நேரத்தைத்தான் சரிசெய்யும். கிளிநொச்சியில் ஓர் ஒழுங்கையின் கடைசி வீடுகளில் படல்கள் மிகுந்தால், நண்பகலில் மின்சாரம் நிலைமாற்றியை நோக்கித் திரும்பிப் பாயும், வோல்ற்றளவு உயரும், எல்லை மீறினால் இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். அதற்கு அந்த ஒழுங்கையிலேயே மின்கலமோ, நிலைமாற்றியில் வோல்ற்றளவுச் சீராக்கமோ வேண்டும். இது நோர்ட்டன் பிரிட்ஜிலிருந்து செய்யக்கூடிய வேலையன்று.